எழுந்து நின்றாலும் கழன்றுவிடாத மைக்

இங்கே லீட்ஸ் நகரத்தில் தினமும் காலை ஒன்பது மணிக்கு நான் ஒரு சின்ன அறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பேசுகிறேன். காகிதக் கட்டுகளும் பழைய பிரிண்டர்களும் போட்டு வைத்திருந்த அறை. கதவில் கண்ணாடி உண்டு. காபி எடுக்கப் போகிறவர்கள் அதன் வழியே பார்த்துக் கையசைத்துவிட்டுப் போவார்கள். கணினியில் இருக்கும் ஒரு மென்பொருள் நான் ஆங்கிலத்தில் சொல்வதைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்கிறது. காற்புள்ளி வேண்டுமானால் அதையும் வாயால் சொல்ல வேண்டும். முதல் வாரம் வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது வேறொன்று. பேச வாயைத் திறந்ததும் எழுந்து நின்றுவிடுகிறேன். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாக நிமிர்ந்துவிடுகிறது. தலையில் மாட்டியிருக்கும் மைக்கின் ஒயர் இழுபடும். மைக் கழன்று மேசைமேல் விழும். உட்கார்ந்து, மாட்டிக்கொண்டு, மறுபடி பேசத் தொடங்கினால் மறுபடி நிற்பேன்.

மேல்படிப்புக்கு வந்து, அப்படியே வேலை கிடைத்து இங்கே தங்கிவிட்டவள் நான். தண்ணீர்க் குழாய் வெடித்தும் கூரை ஒழுகியும் பாழான வீடுகளுக்கு என்ன சேதம் என்று அறிக்கை எழுதுவது என் வேலை. நாள் முழுக்கத் தட்டச்சு. 2007 முடியும்போது இரண்டு மணிக்கட்டும் ஒன்றுக்கும் உதவாமல் போயின. தண்ணீர் டம்ளரைத் தூக்கினால் கை நடுங்கியது. இனிமேல் விசைப்பலகையைத் தொடக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். என் மேலாளர் டேவிட் நல்ல மனிதர்தான். இந்த மென்பொருளை வாங்கிக் கொடுத்தார், மூன்று மாதம் அவகாசமும் கொடுத்தார். அதற்குப் பிறகு அவர் முன்னிலையில் ஓர் அறிக்கையைப் பேசியே முடித்துக் காட்ட வேண்டும். முடியவில்லை என்றால் வேலை இல்லை. என் விசா அந்த வேலையோடு கட்டப்பட்டிருந்தது. வேலை போனால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இதை நான் சிதம்பரத்தில் இருக்கும் அப்பாவிடம் சொல்லவில்லை. இந்த வேலை கிடைத்த அன்று போன் செய்தபோது அவர் சம்பளம் கேட்கவில்லை, வேலை என்ன என்றுகூடக் கேட்கவில்லை. "உனக்குன்னு தனியா நாற்காலி குடுத்திருக்காங்களாம்மா?" என்று கேட்டார். சக்கரம் வைத்தது, கைவைத்தது, உயரத்தை ஏற்றி இறக்கலாம் என்று சொன்னேன். "போதும்மா" என்றார்.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் ரிக்கார்டு கிளார்க்காக இருந்தவர் அப்பா. சேத்தியாத்தோப்புப் பக்கம் நிலத்தில் வேலை செய்த குடும்பத்தில் முதலில் ஆபீஸ் போனவர். காலையில் சிதம்பரத்தில் பஸ் ஏறினால் புதுச்சத்திரம் வரைக்கும் நின்றுகொண்டு போவார், அங்கே யாராவது இறங்கினால் இடம் கிடைக்கும். ஆபீஸிலும் நிற்பதுதான். ரிக்கார்டு ரூமில் அவருக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. அதிகாரியின் அறையில் சுவரோரமாக நாலு நாற்காலி கிடக்கும், அதில் ஒன்றில்கூட அவர் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. யாரும் சொல்லவில்லை, அவரும் உட்காரவில்லை. வீட்டுக்குப் போன் வந்த பிறகு இன்னொரு கூத்து. ஞாயிற்றுக்கிழமை ஈரத்தலையோடு, மடித்துக் கட்டிய வேட்டியோடு தரையில் உட்கார்ந்திருப்பார். போன் அடிக்கும். அதிகாரியின் குரல் என்று தெரிந்ததும் எழுந்து நின்று, ஒரு கையால் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, "சொல்லுங்க சார்" என்பார். எனக்கும் தம்பி குமாருக்கும் அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். கடலூரில் இருக்கிற சாருக்கு இவர் வேட்டி எப்படித் தெரியும் என்று குமார் கேட்பான். அப்பா வேட்டியை மறுபடி மடித்துக் கட்டிக்கொள்வார்.

இப்போது ஐயாயிரம் மைல் தள்ளி வந்து நான் ஒரு மென்பொருளுக்கு எழுந்து நிற்கிறேன். சிரித்ததற்குத் தண்டனை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊழியர்களின் உடல் வசதிகளைக் கவனிக்க எங்கள் அலுவலகத்தில் ஹெலன் என்று ஓர் அம்மா உண்டு. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஒருநாள் உள்ளே வந்தார். ஏன் நிற்கிறாய், முதுகு வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை, பேசுகிறேன் என்றேன். உட்கார்ந்தும் பேசலாமே என்றார். அவர் மிகுந்த அக்கறையோடு ஒரு படிவத்தை எடுத்து, முதுகு என்பதற்கு எதிரில் இருந்த கட்டத்தில் ஒரு டிக் போட்டுக்கொண்டு போனார். ஒயர் நீளம் போதவில்லை என்று கடைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞன், ஒயர்லெஸ் வேண்டுமென்றால் எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்று கேட்டான். நடக்கமாட்டேன், எழுந்து நிற்பேன் என்றேன். நின்று எங்கே போவீர்கள்? எங்கும் போகமாட்டேன். என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மூன்று மீட்டர் ஒயர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். மறுநாளே நாற்காலியின் சக்கரம் அந்த ஒயர்மேல் ஏறி, நானும் மைக்கும் கணினியும் ஒன்றாகக் கீழே வந்திருப்போம். தப்பித்தது புண்ணியம்.

பிறகு புளூடூத் மைக் ஒன்றை வாங்கினேன், செல்போனுக்குக் காதில் மாட்டுகிற வகை. மனிதர் காதுக்கு அது போதும். மென்பொருளுக்குப் போதவில்லை. குரலின் கனத்தை எல்லாம் வடிகட்டிவிட்டுச் சக்கையை அனுப்பியது, வரிக்கு இரண்டு தப்பு. மேசைமேல் வைக்கும் மைக்கையும் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்து தொடங்கும் குரல் நிற்கும்போது தூரமாகப் போய்விட்டது. வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறவே கூடாது, ஒரு கட்டைவிரல் அகலம், வாயின் ஓரத்தில், மூச்சு நேராகப் படாமல். இது எனக்குப் புரிவதற்கே இரண்டு மாதம் ஓடிவிட்டது. கடைசியில் கிடைத்தது, நாள் முழுக்கத் தொலைபேசியில் பேசுகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் ஒயர்லெஸ் மைக். காதில் ஒரு கொக்கி, கன்னத்தோடு வளைந்து வரும் சின்னத் தண்டு, மேசைமேல் பச்சை விளக்கோடு ஓர் அடிப்பெட்டி. மாட்டினேன், பேசினேன், எழுந்து நின்றேன். எதுவும் இழுக்கவில்லை. தனியாக இருந்ததால் கண் கலங்கியதைத் துடைக்காமல் விட்டேன்.

புது மைக் என்றால் மென்பொருளுக்கு நம் குரலை மறுபடி பழக்க வேண்டும். திரையில் ஒரு பாடம் வரும், அதை உரக்க வாசிக்க வேண்டும். சரியாக இல்லாத வரியை அது மஞ்சளாக்கி, திரும்ப வாசி என்று நிறுத்திவிடும். நான் நின்றபடி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசித்தேன். மூன்றாவது மஞ்சள் வரியில்தான் எனக்கு விளங்கியது, நான் ஆறாம் வகுப்பில் நின்றுகொண்டிருக்கிறேன் என்று. சிதம்பரத்தில் எங்கள் பள்ளியில் ஆங்கில வகுப்பென்றால் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்று வாசிக்க வேண்டும். நன்றாக வாசித்தால் டீச்சர் 'சிட் டவுன்' என்பார். தப்பாக வாசித்தால் ஒன்றும் சொல்லாமல் அடுத்தவளைக் கூப்பிடுவார். சொல்லாதவரை உட்காரக்கூடாது. அந்த வருஷம் முக்கால்வாசி நாள் மணி அடிக்கும்வரை நான் நின்றேன். நின்றே கற்ற மொழி எனக்கு நின்றால்தான் வாயில் வருகிறது. தமிழ் பேசும்போது ஒருநாளும் நான் இப்படி நின்றதில்லை.

பரிசோதனைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அலுவலக மடிக்கணினியையும் மைக்கையும் வீட்டுக்குக் கொண்டுவந்து பழகிக்கொண்டிருந்தேன். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அப்பாவைக் குமார் அழைத்துப் போயிருந்தான். வீடியோவில் பேசுவது அவருக்கு அதுதான் முதல் தடவை. அழைப்பு வந்தது, எடுத்தேன். திரையில் ஒரு வெள்ளைச் சட்டை தெரிந்தது. பொத்தான்கள், பையில் ஒரு பேனா, பஸ் டிக்கெட் மாதிரி மடித்த காகிதம். தலை இல்லை.

"அப்பா?"

"பேசும்மா. கேக்குது. ஒன்னயத்தான் தெரியல, வயிறுதான் தெரியுது."

பழகிக்கொண்டிருந்த வாக்கில் நானும் நின்றபடியே எடுத்திருந்தேன். இரண்டு தேசத்தில் இரண்டு தலையில்லாத ஆட்கள்.

குமாரின் குரல் ஓரத்திலிருந்து வந்தது. "அக்கா, நானும் சொல்லிப் பாத்துட்டேன். சேர் போட்டாச்சி. உக்கார மாட்றாரு."

"ஏன்பா நிக்கிறீங்க?"

"கம்ப்யூட்டரு முன்னால எப்பிடிம்மா திடுதிப்புன்னு உக்கார்றது? அவுங்க கடை. அது சரி, நீ யாரு முன்னால நிக்கற? ஆபீசருங்க யாராச்சும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லப்பா. நான் மட்டுந்தான். நாளைக்கி ஆபீஸ்ல ஒரு பரீட்ச மாதிரி. அதுக்குப் படிச்சிகிட்டிருந்தேன்."

"பரீட்சயா? தேறலன்னா?"

மறைத்து வைத்திருந்ததை அவர் ஒரே கேள்வியில் எடுத்துவிட்டார். "வந்துர வேண்டியதுதான்பா" என்றேன்.

சட்டை அசையவில்லை. பையிலிருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் சொன்னார்: "உக்காரும்மா."

இந்த நாட்டில் எத்தனையோ பேர் என்னை உட்காரச் சொல்லியிருக்கிறார்கள். அதெல்லாம் மரியாதைக்கு. முப்பது வருஷம் நாலு நாற்காலிக்குப் பக்கத்தில் நின்ற மனிதர் சொன்னபோதுதான் உடம்புக்குக் கேட்டது. உட்கார்ந்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நீங்களும் உக்காருங்கப்பா" என்றேன். சட்டை மெல்ல இறங்கி, அவர் முகம் திரைக்குள் வந்தது. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளையாகியிருந்தது, எனக்கு அது தெரியாது.

மறுநாள் டேவிட்டும் ஹெலனும் அறைக்கு வந்தார்கள். வசதியாக உட்கார்ந்துகொள், அவசரமே இல்லை என்றார் டேவிட். மேலாளர் உட்காரச் சொன்னால் மறுத்துப் பழக்கமில்லை, உட்கார்ந்தேன். குரல் கனம் குறைந்து வந்தது. மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் நிற்கும் என் குரல், இந்தக் குரலை அதற்கு அடையாளம் தெரியவில்லை. வரிக்கு வரி தப்பு. அரைப்பக்கம் போனதும் டேவிட் ஜன்னல் பக்கம் பார்க்க ஆரம்பித்தார், என் மானத்தைக் காப்பாற்றுவதற்காக. போச்சு என்று நினைத்தேன். யாரும் பெயரைக் கூப்பிடாமல் என் வாழ்நாளில் முதல் தடவையாக நானாக நினைத்து எழுந்து நின்றேன். நான் நின்றுதான் வேலை செய்வேன் என்றேன். டேவிட்டுக்குப் புரியவில்லை. ஹெலன்தான் தணிந்த குரலில், அவளுக்கு முதுகு என்றார். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஆமாம், முதுகு" என்றேன்.

பொய்தான். ஆறாம் வகுப்பையும் அப்பாவின் வேட்டியையும் அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆங்கிலம் இருந்தது, அவகாசம்தான் இல்லை. நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அறிக்கையை முதலிலிருந்து சொன்னேன். ஒரு வீட்டின் ஈரம் ஏறிய சுவரையும் ஊறிப்போன தரையையும் வரி வரியாகச் சொல்லி முடித்தபோது பக்கத்துக்கு இரண்டே தப்புதான் இருந்தது. டேவிட் கைகுலுக்கினார். வேலை நிலைத்தது. அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய்தேன், லைன் கிடைக்கவில்லை. அடுத்த நாளும் கிடைக்கவில்லை.

வியாழக்கிழமை காலை இரண்டு பேர் வந்தார்கள். ஹெலன் போட்ட அந்த டிக் எங்கெங்கோ சுற்றி அன்று வந்து சேர்ந்திருந்தது. என் மேசையை எடுத்துவிட்டு, நெஞ்சுயரத்துக்கு நிற்கும் புது மேசை ஒன்றை வைத்தார்கள். நாற்காலியை உருட்டிக்கொண்டு போனார்கள். இனி அது உனக்கு வேண்டாம் அல்லவா என்று ஒருவர் அன்பாகத்தான் கேட்டார். நன்றி சொன்னேன்.

பதினொன்றரை மணிக்கு ஓர் அறிக்கையின் நடுவில் இருந்தேன். செல்போன் அடித்தது. சிதம்பரம் நம்பர். அப்பா தானாக எனக்குப் போன் செய்ததே கிடையாது, எப்போதும் நான்தான் செய்வேன். மென்பொருளை நிறுத்திவிட்டு எடுத்தேன். அவர் குரல் கேட்டதும் கால் மடங்கியது, உட்கார இடம் தேடினேன். காகிதக் கட்டுகள் இருந்த மூலையில் கம்பளத்தின்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்னம்மா ஆச்சி? ரெண்டு நாளா லைன் கெடைக்கல. குமாரு போன வாங்கியும் போட்டுப் பாத்தேன்."

"தேறிட்டேன்பா."

"நாற்காலி இருக்குதா?"

"இருக்குப்பா."

"உக்காந்துகிட்டுதான பேசற?"

"உக்காந்துகிட்டுதான்பா பேசறேன்."

"சரிம்மா" என்றார். அவரும் எங்கோ உட்கார்ந்திருந்தார், மூச்சின் நிதானத்தில் தெரிந்தது. இன்னொரு காதில் மைக் அப்படியே மாட்டியிருந்தது, தரைவரைக்கும் வந்தும் கழன்று விழவில்லை. தலைக்கு மேலே, நெஞ்சுயர மேசையின் ஓரத்தில் அதன் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. காபி எடுக்க யாரோ போகும் சத்தம் கேட்டது. கண்ணாடி வழியாகப் பார்த்தவருக்கு அறையில் யாரும் இல்லை என்றுதான் தெரிந்திருக்கும்.