சேற்றூர்க் கிழங்கு

லூயிஷாம் சந்தையில் மண் ஒட்டிய உருளைக்கிழங்கை முகர்ந்ததும், நெதர்லாந்தில் எங்கள் பழைய காரின் பின் இருக்கைக்குப் போய்விட்டேன். அங்கே பல ஊர்ப்பெயர்கள் மண்ணிலிருந்தே பிறந்தவை. பெயரில் ‘ஸாண்ட்’ வந்தால் மணல், ‘புரூக்’ வந்தால் சதுப்பு. நான் பெயர்ப்பலகைகளை உரக்க வாசிப்பேன். மணல் ஊரில் மட்டுமே அம்மா கிழங்கு வாங்குவார்.

“சேத்துக் கிழங்கு வாயிலை வைக்கேலாது.”

ஒருநாள் ‘புரூக்’ என்று முடிந்த ஊரொன்றில் கார் நின்றுவிட்டது. தள்ளிவிட வந்த விவசாயி, வீட்டுக்குக் கூட்டிப்போய் அவித்த கிழங்கும் வெண்ணெயும் தந்தார். தட்டை வழித்துவிட்டு அம்மா அப்பாவிடம் சொன்னார்:

“பேர் வைச்சவன் சேத்தைத்தான் பாத்திருக்கிறான். கிழங்கைத் திண்டு பாக்கேல்லை.”

இப்போது பக்கத்தில் நிற்கும் அம்மாவிடம், “எந்த ஊர்க் கிழங்கெண்டு கேக்கட்டோ?” என்றேன்.

“ஊரைக் கேக்காதை பிள்ளை. அவிச்சுப் பாப்பம்.”