ஸ்ரீசூர்ணம் பூசிய புறாவும் எங்கள் எம்.பி.யும்

செய்தியைக் கொண்டுவந்தவர் மஸ்தான் பாய். நான் கோர்ட்டுக்குக் கிளம்பி வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். சைக்கிளை விட்டு இறங்காமலே, "நல்லமுத்து ஐயா போயிட்டாங்க வக்கீல் சார்" என்றார். இறங்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. அன்று நான் கோர்ட்டுக்குப் போகவில்லை.

எங்கள் எம்.பி. காலமான செய்தியைக் கட்சிக்காரர்களுக்கும் முன்னால், பெரிய கடைவீதியில் டிரங்குப் பெட்டி செய்கிற ஒருவர் ஏன் சுமந்துகொண்டு வர வேண்டும்? அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அழுதுகொண்டே எழுத எனக்கு வராது. அந்த மனிதரை நினைத்தாலே இன்றைக்கும் உடம்பு பரபரக்கிறது. இரண்டு தேர்தல்களில் அவருக்கு நான் ஏஜெண்ட். அந்த வருஷங்களில் நான் நடந்ததாக நினைவே இல்லை, அவர் பின்னால் ஓடிக்கொண்டேதான் இருந்தேன்.

வையம்பட்டிப் பக்கத்து விவசாயியின் மகன் அவர். பாராளுமன்றத்துக்குப் போனால் மதகு கேட்பார், ரோடு கேட்பார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் பிடித்துக்கொண்டதோ ராணுவத்தை. "மழை வந்தப்புறம் கூரை வேயக் கூடாது" என்பதுதான் அவருடைய பாதுகாப்புக் கொள்கை முழுவதும். அதை டில்லியிலும் சொன்னார், பொன்மலைப் பட்டறை வாசலில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வந்த தொழிலாளிகளை நிறுத்தி வைத்தும் சொன்னார். இதற்கெல்லாம் ஓட்டு விழாது ஐயா என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் புறப்பட்டுவிடுவார்.

சீனச் சண்டையின்போது சிப்பாய்களுக்குப் பனிக்கு ஏற்ற பூட்ஸ் இல்லை என்று பத்திரிகைகளில் வந்தது. மறுநாள் என்னை ஐஸ் ஃபேக்டரிக்கு இழுத்துக்கொண்டு போனார். சாதாரண கான்வாஸ் ஷூவை மாட்டிக்கொண்டு, மீன் கடைகளுக்குப் போக வேண்டிய ஐஸ் கட்டி ஒன்றின்மேல் ஏறி நின்றார். இறங்கச் சொல்லிக் கெஞ்சினேன். "நம்ம ஊரு வெயில்ல உக்காந்துகிட்டுப் பனியைப் பத்திப் பேசக் கூடாது வக்கீலே" என்றார், பல் கிட்டிக்க. கடைசியில் இறங்கி, ஒற்றைக் காலில் அவர் குதித்த குதியைப் பார்த்து ஃபேக்டரியே சிரித்தது. ஆனால் அடுத்த கூட்டத்தொடரில் சிப்பாயின் கால்விரலைப் பற்றி அவர் பேசியபோது சபையில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு பாகிஸ்தானுடன் போர் வந்தது. ஸ்ரீரங்கத்தில் மொட்டைக் கோபுரத்தடியில் கூட்டம் போட்டோம். அவர் அன்று பேசியது போல நான் கேட்டதில்லை. காவிரிப் பாலமோ கொள்ளிடப் பாலமோ போனால் ரயிலும் நிற்கும், அரிசியும் நிற்கும். நாசவேலைக்காரன் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வரமாட்டான். எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள் என்றார். ஊரும் விட்டுக்கொண்டது, கொஞ்சம் அதிகமாகவே.

மறுநாள் காலை உத்தர வீதியில் ஒரு நண்பர் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். பூக்கடைக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து, கொள்ளிடக் கரையில் ஒற்றன் பிடிபட்டுவிட்டான் என்றார். கூடை நிறையப் புறா கொண்டுவந்து பாலத்துப் பக்கம் பறக்கவிட்டானாம். ஒவ்வொரு புறாவின் காலிலும் வளையமாம், அதில் புரியாத எழுத்தாம். எம்.பி. தம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வெற்றிப் பெருமிதத்தோடு வருவார் என்று பார்த்தால், ஓடுகிற ஓட்டத்தில் என்னிடம் சொன்னது வேறு: "இது நான் பத்த வச்சது வக்கீலே."

கரையில் பெரிய கும்பல். நடுவே மஸ்தான் பாய், சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தத்தோடு. ஒருவர் கையில் கயிறும் இருந்தது. போலீஸ் இன்னும் வரவில்லை. எம்.பி. கும்பலைப் பிளந்துகொண்டு போய் அவர் பக்கத்தில் நின்று, குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கொடுத்தார். பிறகு பெயரைக் கேட்டார். அதுவரை ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை. பெயரைச் சொன்னதும் கூட்டம் இன்னும் உறுமியது.

மஸ்தான் பாய் சொன்னது இதுதான். பெரிய கடைவீதிச் சந்துகளில் பல வீடுகளில் பந்தயப் புறா வளர்க்கிற பழக்கம். தூரம் கொண்டுபோய் விட்டால் அது வீட்டு மாடிக்குத் திரும்ப வேண்டும்; அதற்குத்தான் வாராவாரம் ஆற்றங்கரையில் பழக்குவது. வளையத்தில் இருப்பது அரபு எழுத்தில் அவருடைய தகப்பனார் பெயர். மற்றவை பறந்துபோய், ஒரே ஒரு வெள்ளைப் புறா கூடையில் மிச்சமிருந்தது.

"எதிரிகிட்டப் போகுதா, வீட்டுக்குப் போகுதான்னு பார்த்துடுவோம்" என்றார் எம்.பி. "வேற எங்கயாச்சும் போச்சுன்னா இன்னிக்கே நான் எம்.பி. இல்ல. அதுவரைக்கும் இவர்மேல ஒரு கை படக் கூடாது."

வேறு புறாவைக் காட்டி ஏமாற்றினால் என்ன செய்வது என்று கும்பலில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். மடப்பள்ளி ஐயங்கார் ஒருவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போய்த் தம்முடைய திருமண்பெட்டியைக் கொண்டுவந்தார். நாமத்துக்கு இடுகிற ஸ்ரீசூர்ணத்தைக் குழைத்துப் புறாவின் சிறகில் சிவப்பாக ஒரு கோடு இழுத்தார். நானும் ஐயங்காரும் முன்னால் போய் மாடியில் காத்திருப்பது, எம்.பி. எங்களுக்குப் போய்ச் சேர நேரம் கொடுத்துப் பறக்கவிடுவது என்று ஏற்பாடு.

என் பழைய கார் காவிரிப் பாலத்தில் அப்படிப் பறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. பெரிய கடைவீதிச் சந்துக்குள் மஸ்தான் பாய் வீட்டு மாடியில் ஏறினோம். மஸ்தான் பாயின் மனைவி கதவுக்குப் பின்னால் நின்று விஷயத்தைக் கேட்டார். "அந்த வெள்ளையா? அது சோம்பேறிங்க, சுத்திட்டுத்தான் வரும்" என்றார்.

காத்திருந்தோம். மலைக்கோட்டைக்கு மேலே இரண்டு பருந்துகள் வட்டமிட்டன. எனக்குக் கயிறு ஞாபகம் வந்தது. ஐயங்கார் கண்ணை மூடிக்கொண்டு ரங்கநாதனைக் கூப்பிட்டார். கதவுக்குப் பின்னால் அந்த அம்மாள் ஓதுகிற சத்தமும் கேட்டது. வானத்தில் வேறொன்றும் இல்லை.

பிறகு, ஒரு வெள்ளைப் புள்ளி. பள்ளிவாசல் மினாராவைச் சுற்றியது, எங்கள் தலைக்கு மேலே போயே போய்விட்டது, திரும்பி வந்து மாடிச் சுவரில் தொப்பென்று உட்கார்ந்தது. சிறகில் சிவப்புக் கோடு. ஐயங்கார் என்னைக் கட்டிக்கொண்டு, "வந்துடுத்து ஓய், பட்சி வந்துடுத்து" என்று அழுதார். நானும் அழுதேன். அந்த அம்மாள் சர்பத் கொண்டுவந்து வைத்தார். ஐயங்கார் ஏகாதசி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டார்; அன்று ஏகாதசி இல்லை. ஆனால் திரும்பும் வழியெல்லாம் புறாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர் அவர்தான். கரையில் இறங்கியதும் அதைத் தூக்கிக் காட்டினார். கயிறு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பூக்கடைக்காரர் மஸ்தான் பாய்க்குத் தம் மேல்துண்டைப் போர்த்திவிட்டார்.

அதற்குப் பிறகும் எம்.பி. ராணுவத்தைப் பற்றித்தான் பேசினார், குரலைக் குறைக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கூட்டத்தின் கடைசியிலும் ஒரு வரி சேர்ந்துகொண்டது: "பாலத்துக்குக் காவல் போட்டுடலாம். நம்ம பயத்துக்கு யாரு காவல் போடறது?"

புறா வந்த அன்று மாலை நான் அவரிடம் கேட்டேன், அந்தச் சோம்பேறிப் புறா வராமல் போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. பதவியை விட்டிருப்பேன் என்றார் சாதாரணமாக. மஸ்தான் பாயை?

"கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் வீட்டுல விட்டிருப்பேன். புறா வழி தப்பும்யா. பருந்து அடிக்கும். அதுக்காக ஒரு மனுஷன் ஒற்றனாயிடுவானா?"

அப்புறம் எதற்குப் புறாவை விட்டீர்கள் என்றேன். "கூட்டத்துக்கு வேண்டியிருந்தது. எனக்கு வேண்டியிருக்கல" என்றார்.

துக்க வீட்டில் எல்லோரும் வந்து சேர்ந்த புறாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். மஸ்தான் பாயும் அதைத்தான் சொன்னார். சொல்லட்டும், நல்ல கதைதான். வராமல் போயிருக்கக்கூடிய புறாவை, அப்போதும் பாயின் கையை விட்டிருக்காத மனிதரை, நான் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.