சங்ககிரி வழியாக வந்த சேதி

ப்ர்ர்ர்ப்...

காய்ந்த எண்ணெயில் அப்பளம் விழுந்த மாதிரி ஒரு சத்தம். ரேடியோவிலிருந்து அது கேட்டால், எங்கோ ஒருவர் தட்டிய எழுத்து என் மேசைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். இன்றைக்கு நெட் போய், ரவுட்டரை அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது.

அப்போது சேலத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை எனக்கு. வாடகை ரூமில், லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காகப் பேசும் ஹாம் ரேடியோ ஒன்று. கம்ப்யூட்டரில் தட்டுவதை ஒரு சின்னப் பெட்டி சத்தமாக மாற்றும், ரேடியோ அனுப்பும், அந்தப் பக்கம் இன்னொரு பெட்டி அதைத் திரும்ப எழுத்தாக்கும். இதுதான் பாக்கெட் ரேடியோ. நேராக எட்டாத ஊர் என்றால், நடுவில் இருக்கும் நண்பரின் பெட்டி வாங்கி அனுப்பும். எந்த ஊருக்கு எவர் வழியாகப் போவது என்று ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் ஓர் அட்டவணை... ரவுட்டிங் டேபிள்.

அதை நாங்கள், ரேடியோ வைத்திருந்த நாலைந்து நண்பர்கள், எப்படிப் போட்டோம் தெரியுமா? பஸ் போகிற வழியில்!

பரமத்தி வேலூரிலிருந்து சேலத்துக்கு எப்படி வருவோம்? நாமக்கல் வழி. முடிந்தது கதை. சங்ககிரியில் லாரிகளுக்கு ஒயரிங் பார்க்கும் செல்வராசு அண்ணன் மட்டும், "எங்கூர் மலை வழியா உட்டுப் பாக்கலாமுங்களே" என்றார்.

"வேலூர்க்காரன் சேலம் போறதுக்கு சங்ககிரிக்கு எதுக்குங்ணா போறான்?" என்று வேலூர் மல்லிகா அக்கா ஓட்டிய ஓட்டில், மனிதர் அப்புறம் வாயே திறக்கவில்லை. நாமக்கல் வழியை மாறாதபடி டேபிளில் கையால் பூட்டிவிட்டோம்.

நாமக்கல் நண்பரின் வீடோ அந்த ஊர் மலைக்குத் தெற்கே, அடிவாரத்தை ஒட்டினாற்போல். சேலம் பக்கத்தை அந்தப் பாறை மறைத்தது. சேதி நொண்டி நொண்டித்தான் வரும். பஸ்ஸே லேட்டாகத்தானே வருகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அப்புறம் காவிரியில் வெள்ளம் வந்தது.

அம்மா அப்பா இருந்த எங்கள் வீடு வேலூரில், ஆற்றுக்குப் பக்கம். காலையில் அம்மா போன் செய்தார். "கொல்லைல கட்டியிருக்கற மாட்டை அவுக்கறேன்னு உங்கப்பா போனாங்க. இன்னும் வரக் காணமே சாமி..." அதோடு லைன் செத்துவிட்டது.

மல்லிகா அக்கா பள்ளிக்கூடத்து முகாமில் தன் ரேடியோவை வைத்திருப்பது தெரியும். அங்கே வந்து சேர்ந்தவர்கள் சொல்லும் சேதிகளைத் தட்டி அனுப்புவதாக முதல் நாளே ஏற்பாடு. ஆனால் என் திரையில் ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரைத் திட்டினேன். பெட்டியைத் தட்டினேன். நாமக்கல் மலையைக்கூட வைதேன். எங்கப்பாவைப் பற்றி ஒரு வரி தெரிந்தால் போதும் என்றிருந்தது.

மத்தியானம்... ப்ர்ர்ர்ப்.

டேபிளில் ஒரு புது வரி. வேலூர், சங்ககிரி வழி.

யாருமே தட்டாத வரி! செல்வராசு அண்ணன் யாரிடமும் சொல்லாமல் ரேடியோவையும் ஒரு பைக் பேட்டரியையும் சுமந்துகொண்டு சங்ககிரி மலை ஏறியிருக்கிறார். "எனக்கு வேலூர் கேட்கிறது" என்று அவர் பெட்டி மலை மேலிருந்து அறிவிக்க, அதைக் கேட்டு என் பெட்டி தானாகவே வழி கற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் அந்த வரிக்கு மேலே, நாங்கள் பூட்டிய நாமக்கல் சட்டமாக உட்கார்ந்திருந்தது. பெட்டிக்கு வழி தெரிகிறது. நாங்கள்தான் அதைப் போக விடவில்லை.

டேபிளை விட்டுவிட்டு, கையாலேயே முதலில் சங்ககிரியைப் பிடித்தேன், அங்கிருந்து வேலூரைப் பிடித்தேன். தட்டினேன்.

"அக்கா, எங்கப்பா வந்தாங்களா?"

"தெரியலீங் அம்முணி. கூட்டம் தாங்கல. சொல்லச் சொல்லத் தட்டி உட்டுட்டே இருக்கறேன். எல்லாம் நாமக்கல்லுலயே நிக்குது."

"அந்த நாமக்கல் வரியை அழிச்சுட்டு மறுக்கா அனுப்புங்கக்கா."

"அழிச்சு, இதும் போயிருச்சுன்னா?"

"போகாதுங்கக்கா. மலை மேல செல்வராசண்ணன் இருக்காரு."

நானும் என் பெட்டியிலிருந்த நாமக்கல் வரியை அழித்தேன். அழித்தபிறகு எவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேனோ...

ப்ர்ர்ர்ப். ப்ர்ர்ர்ப். ப்ர்ர்ர்ப்!

யார் யாருக்கோ சேதிகள். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் தட்டிய தமிழ். நடுவில் ஒன்று.

"சாமி, முகாமுக்கு வந்துட்டேன். அம்மாளும் இங்கதான். வாழை போச்சு. மாடு இருக்குது. நீ சோறு தின்னியா?"

விசும்பி விசும்பி அழுதேன். ஆற்றங்கரையிலிருந்து மலை உச்சிக்கு, அங்கிருந்து என் ரூமுக்கு... இடையில் ஒரு துண்டு ஒயர் கிடையாது. வெறும் காற்றில் ஏறி வந்து எங்கப்பா சோறு தின்னியா என்று கேட்கிறார். எத்தனையோ நெட்வொர்க் பார்த்தாயிற்று. அந்த ஆச்சரியம் மட்டும் இன்னும் அடங்கவில்லை.

இப்போது அப்பாவோடு தினமும் வீடியோ கால்தான். எந்த டவர், எந்த கேபிள், எந்த ஊர் சுற்றி வருகிறது, யாருக்குத் தெரியும்? தெரிந்துகொள்ள நினைப்பதுகூட இல்லை. நேற்று படம் நின்று நின்று வந்தது. அப்பா போனை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டுக் கேட்டார்.

"ஏஞ்சாமி, மலை மேல செல்வராசு இருக்கறானா, இல்லையா?"

சிரிப்புத் தாங்காமல் செல்வராசு அண்ணனுக்கே போன் போட்டுச் சொன்னேன். மூட்டு வலியில் இப்போது மாடிப்படிகூட ஏற மாட்டார்.

"அப்பாகிட்டச் சொல்லிரு அம்முணி... நான் இன்னும் எறங்கவே இல்லீன்னு."