நாற்பது வினாடிக் கடல்

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த ஒரு காலையில், ராயபுரம் ரயில் நிலையத்தின் படியில் கால் பிசகி விழுந்தேன். கணுக்காலில் விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. திருவொற்றியூரில் கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிற எங்கள் மாடி வீட்டில், ஜன்னலோரக் கட்டிலில் என்னைக் கிடத்திவிட்டார்கள்.

ஓர் இடத்தில் தரிக்காத ஆள் நான். துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்றில் இருபத்தைந்து வருடமாக இருக்கிறேன். வேலை முடிந்தால் வீட்டுக்குத் திரும்பாமல் எண்ணூர் வரை ரயிலில் போய், முகத்துவாரக்குப்பத்தில் ஆறு கடலைத் தொடும் இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன். எதற்கு என்று வீட்டில் கேட்பார்கள். எனக்கும் தெரியாது. தண்ணீர் தண்ணீரோடு சேர்கிற இடத்தில் என் மனசு கொஞ்சம் அடங்கும். அவ்வளவுதான்.

கால் கட்டிலில் கிடந்தது. மனசு போனுக்குள் அலைந்தது. அப்படி அலைந்துதான் பழைய செய்திப்படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் ஓர் இணையக் காப்பகத்தில் போய் விழுந்தேன். முன்பெல்லாம் தியேட்டரில் படத்துக்கு முன்னால் நியூஸ் ரீல் போடுவார்களே, அந்த வகை. இரண்டாம் உலகப் போர்க் காலத்துத் துண்டுகள் அங்கே கணக்கில்லாமல் கிடந்தன. நிறையத் துண்டுகளுக்கு ஒலியே இல்லை. எங்கள் தெருவில் டிரெய்லர் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்க, என் உள்ளங்கையில் விமானங்கள் சத்தமில்லாமல் மேகத்தைக் கிழித்துக்கொண்டு போயின. குண்டு விழுந்தது, சத்தமில்லை. ஒருவன் எதையோ சொல்லிச் சிரித்தான், சத்தமில்லை. மதியத் தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் எது படம், எது கனவு என்று எனக்குத் தெரியாமல் போனது. சாம்பல் நிறத்தில் ஒரு வானம் என் மார்பின் மேல் எந்நேரமும் திறந்து கிடந்தது.

நான்காவது வாரத்தில்தான் அந்தத் துண்டு கிடைத்தது. நாற்பது வினாடிகூட வராது. கடலில் ஒரு விமானம் பாதி மூழ்கி, ஒரு இறக்கையை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மிதக்கிறது. ஓரத்திலிருந்து ஒரு படகின் முனை வருகிறது. அதில் இடுப்பில் துணி மட்டும் கட்டிய, ஒல்லியான, கறுத்த ஆள் ஒருவன் குனிந்து கையை நீட்டுகிறான். இறக்கையில் ஒட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்கார விமானி அந்தக் கையைப் பிடிக்கிறான். படம் கொஞ்சம் ஆடுகிறது. பக்கத்தில் தண்ணீரில் ஒரு கட்டை மிதக்கிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி: இடம் மதராஸ் அருகே இருக்கலாம்.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கை யாருடையது என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது.

முகத்துவாரக்குப்பத்தில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அறுபதைத் தாண்டியவர், இன்றும் கடலுக்குப் போகிறவர். அவருடைய அப்பா விடலை வயதில், போர் நடந்துகொண்டிருந்தபோது, முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே கடலில் விழுந்த ஒரு விமானத்திலிருந்து அடிபட்ட ஒரு வெள்ளைக்காரனைக் கட்டுமரத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தாராம். கஞ்சி கொடுத்தாராம். ஒரு ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டதாம். காகிதம் இல்லை, போட்டோ இல்லை, கூடப் போன ஆள் சீக்கிரமே செத்துப்போனார். குப்பத்தில் ஒருவரும் நம்பவில்லை. சாகிற வரைக்கும் அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார், சாகிற வரைக்கும் சிரித்தார்கள்.

செத்த பிறகும் சிரிப்பு சாகவில்லை. அந்த வீட்டுக்குப் பெயரே ஏரோப்ளேன் வூடு. என் நண்பர், இன்ன இடத்தில் நல்ல மீன் நிற்கிறது என்று சொன்னால், "ஏரோப்ளேன்லேர்ந்து பாத்தியா?" என்பார்கள். மீன் விற்கிற அவருடைய அக்கா, காலையில் வந்த மீன் என்று சொன்னால், "எதுல வந்துச்சி, ஏரோப்ளேன்லயா?" என்பார்கள். அக்கா கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பந்தியில் இதைக் கேட்டுச் சிரித்ததை அவர் நாற்பது வருடம் கழித்தும் நேற்று நடந்த மாதிரி சொல்வார். உண்மையைச் சொல்கிறேன், நானும் சிரித்திருக்கிறேன். அவர் முகத்துக்கு நேரே இல்லை, ரயிலில் திரும்பும்போது.

உடனே நண்பருக்குப் போன் செய்தேன். "அண்ணா, உங்க நைனா சொன்ன ஏரோப்ளேன் கெடச்சிடுச்சு."

"யாரு வலையில மாட்டிச்சி?" என்றார்.

வீடியோவில் என்று விளக்கினேன். ஒரு கை நீள்கிறது, ஒரு விமானி பிடிக்கிறான் என்றேன். அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நம்ம மெட்ராஸுதானா தம்பி?"

"மெட்ராஸேதான் அண்ணா."

இருக்கலாம் என்று எழுதியிருந்ததை நான் சொல்லவில்லை. மறக்கவில்லை, விழுங்கினேன். அந்த நேரத்தில் அது ஒரு சின்னக் கல், சோற்றில் ஒதுக்கி வைக்கிற கல் மாதிரி இருந்தது.

மறுநாள் அக்காவே கூப்பிட்டார். "தம்பி, போன்ல அனுப்பாத. காலு சரியானதும் நீ நேர்ல வா. எங்க வூட்ல வேணாம், வலைக்கூடத்துல போடு. அல்லாரும் கீற எடத்துல போடு."

மாவுக்கட்டு பிரித்த மறுவாரம், ஒரு மாலை, கையில் தடியோடு ஆட்டோவில் போய் இறங்கினேன். காற்று சரியில்லை என்று அன்று படகுகள் கரையில் கிடந்தன. குப்பமே வலைக்கூடத்தில்தான் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நீலமும் பச்சையுமாக வலைகள் குவிந்து கிடக்க, நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா புதுப்புடவை கட்டியிருந்தார். பெரிய பாத்திரத்தில் டீ வாங்கி வைத்திருந்தார். நண்பர் சவரம் செய்த முகத்தோடு ஒரு மூலையில், தனக்குச் சம்பந்தமில்லாதவர் போல நின்றிருந்தார்.

அவர்கள் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர்தான் அந்தக் கேலிக்கெல்லாம் தலைவர். நண்பரின் வயசுதான் அவருக்கும். வலை ஊசியை நிறுத்தாமல் என்னைப் பார்த்தார். "இன்னா சார், ஆட்டோல வந்துகீற? ஏரோப்ளேன் வரலியா?"

"இரு இரு, இப்ப வரும்," என்றார் அக்கா. "வந்து உன் வாயில எறங்கும்."

போனைக் கூடத்து டிவியில் இணைத்தேன். பெரிய திரையில் அந்தக் கடல் இன்னும் பழையதாக, இன்னும் ஆழமாகத் தெரிந்தது. ஊசிகள் நின்றன. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. ஒலியில்லாத படத்துக்கு அதுவே ஒலியாகிவிட்டது. நிஜக் கடலின் அலை அந்தச் சாம்பல் கடலில் வந்து விழுகிற மாதிரி இருந்தது. கை நீண்டது. விமானி பிடித்தான். முடிந்தது.

எதிர்வீட்டுக்காரர் மூக்கைச் சொறிந்தார். பிறகு, பல்லைப் பிடுங்குகிற மாதிரி ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார். "செரி. ஒத்துக்கறேன். உங்க நைனா சொன்னது நெசந்தான்."

அக்கா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நானே அந்த விமானியைக் கடலிலிருந்து தூக்கி வந்துவிட்ட மாதிரி ஒரு கர்வம்.

நண்பர் மூலையிலிருந்து நடந்து வந்தார். "இன்னொரு தபா போடு தம்பி."

போட்டேன். மறுபடியும் போடச் சொன்னார். மூன்றாவது முறை, கடைசி நொடியில், "நிறுத்து" என்றார். டிவிக்கு அருகே போய், தண்ணீரில் மிதந்த அந்தக் கட்டையின் மேல் விரலை வைத்தார்.

"இது இன்னா?"

"விமானத்தோட ஒடஞ்ச துண்டு அண்ணா," என்றேன்.

"இல்ல தம்பி. படகுக்குப் பக்கத்துல நீட்டிக் கட்டிகீற கட்டை. படகு சாயாம இருக்கக் கட்டுறது. இங்க பாரு, மேல ரெண்டு கொம்பு வளஞ்சி வந்து இத்தப் புடிச்சிகினு கீது." அவர் விரல் மெதுவாக நகர்ந்தது. நான் நூறு முறை பார்த்த படத்தில், நான் ஒரு முறைகூடப் பார்க்காத இரண்டு வளைந்த கழிகள் இருந்தன. "சிலோன் படகு இது. ஒரு தபா எஞ்சின் நின்னு போயி அங்க ஒதுங்குனப்போ பாத்துகீறேன். நம்ம கரையில யாரும் இப்டி கட்ட மாட்டாங்க. எங்க நைனா போனது கட்டுமரத்துல. இது நம்ம கடல் இல்ல. இந்த ஆளு எங்க நைனா இல்ல."

ஓரமாக யாரோ ஒருவர் கெக்கெக்கென்று சிரிக்கத் தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார்.

எனக்குக் காலுக்குக் கீழே படி நழுவியது, இரண்டாவது தடவையாக. கடலோரத்தில் பிறந்து, கடலோரத்தில் ஐம்பது வருடம் வாழ்ந்தவன் நான். விமானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். படகைப் பார்க்கவில்லை. எல்லார் முன்னாலும் சொன்னேன்: "மதராஸா இருக்கலாம்னுதான் அதுல போட்டிருந்துச்சு. நான்தான் மதராஸேன்னு சொன்னேன். தப்பு என்னோடது."

நண்பர் என் தோளில் கை வைத்தார். கோபம் இல்லாத, மீன் வாசனை அடிக்கிற, கனமான கை. ஆனால் அக்காவுக்கு ஆறவில்லை. என்னை அவர் பார்க்கக்கூட இல்லை. தன் தம்பியைத்தான் பிடித்துக்கொண்டார்.

"ஏன்டா, உன்ன யாருடா கேட்டாங்க? அவனே ஒத்துகினான். அறுவது வருசமா ஒத்துக்காதவன் ஒத்துகினான். வாய மூடிகினு நிக்கிறதுக்கு இன்னாடா உனுக்கு? அந்தக் கட்டையப் பாக்கலன்னா செத்தா பூடுவ?"

"கண்ணுல பட்டுச்சே அக்கா," என்றார் அவர்.

"பட்டா? பட்டா சொல்லிடணுமா? அப்டியே நைனாவ உரிச்சி வச்சிப் பொறந்து தொலைச்சிகீற. நைனாவுக்கும் இதே ரோதனதான். ஒரு பொய்ய ஒரு நிமிசம் வாயில வச்சிகினு இருக்கத் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்ணு."

சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். கோபத்தில் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே மெதுவாகத்தான் எட்டியது. எனக்கும்தான். பொய் வாயில் தங்காத ஒருவர் சாகிற வரைக்கும் சொன்ன கதை அது. டிவியில் அந்தச் சிலோன் படகு நின்றது நின்றபடி இருந்தது.

எதிர்வீட்டுக்காரர் வலை ஊசியைக் கீழே வைத்தார். நண்பரைப் பார்த்தார். எப்போதும் அவர் முகத்தில் இருக்கிற அந்த நக்கல் அப்போது இல்லை. படகு வாங்குவதைப் பற்றியோ காற்றைப் பற்றியோ விசாரிக்கிற குரலில் கேட்டார்:

"உங்க நைனா அந்த வெள்ளக்காரன கட்டுமரத்துல எந்தப் பக்கமா ஏத்துனாரு? முன்னாடியா, பின்னாடியா?"

நண்பர் டிவியிலிருந்து திரும்பினார். அத்தனை வருடத்தில் அந்தக் கதையில் யாரும் ஒரு கேள்வி கேட்டதே இல்லை என்பது அவர் நின்ற நிலையில் தெரிந்தது. பொய்யைப் பார்த்துச் சிரிப்பார்கள். நடந்த விஷயத்தைப் பற்றித்தான் இப்படிக் கேட்பார்கள்.

"பின்னாடி," என்றார். "முன்னாடி ஏத்துனா அல தூக்கிடும்னு சொல்வாரு."

"ஆமா," என்று தலையாட்டினார் எதிர்வீட்டுக்காரர். "தூக்கிடும்." ஊசியை மறுபடி எடுத்துக்கொண்டார். "அடிபட்டவன் வேற. பின்னாடிதான் செரி."

அக்கா டீயை ஊற்றத் தொடங்கினார். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது, முகம் பார்க்காமல். இரண்டு வாரம் கழித்துப் போனபோது, என் காலைப் பார்த்து, "நொண்டிகினேதான் வரணுமா தம்பி, அப்பால வந்தா ஆவாதா?" என்று கேட்டு நாலு கிழங்கா மீனைப் பையில் போட்டார். மன்னித்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டுக்கு இன்றும் ஏரோப்ளேன் வூடு என்றுதான் பெயர். ஆனால் இப்போது அதைச் சொல்கிறவர்கள் சிரிப்பதில்லை. எண்ணூரில் அனல்மின் நிலையப் புகைபோக்கியைக் கைகாட்டி வழி சொல்கிற மாதிரி சொல்கிறார்கள்.

காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். இது மதராஸ் அல்ல, படகைப் பாருங்கள், இலங்கையாக இருக்கலாம் என்று. கடைசிச் சொல்லை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. அதை விழுங்காமல் எழுதினேன்.

இன்றும் எண்ணூர் ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் அந்தப் பழைய துண்டுகளைப் பார்க்கிறேன், விமானத்தை விட்டுவிட்டுப் படத்தின் ஓரங்களை. நான் தேடிய விமானம் எந்தச் சுருளிலும் இல்லாமல் போகலாம், முகத்துவாரத்துக்கு நேர் கிழக்கே மணலுக்கு அடியில் மீன்களுக்கு வீடாகக் கிடக்கலாம். அதை ஒருபோதும் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்த பிறகுதான், தனக்குச் சாதகமான பொய்யைத் தன் விரலாலேயே தொட்டுக் காட்டிய அந்த மனிதரை நினைத்து, அவருடைய நைனாவின் கதையை நான் முழுசாக நம்பத் தொடங்கினேன்.