அரை மாத்திரைக்காரர்

சவர பிளேடை வைத்துக் கட்டைவிரலால் ஓர் அழுத்து. மாத்திரை 'டிக்'கென்று இரண்டாகும். ஒரு பாதி இன்றைக்கு, மறு பாதி நாளைக்கு. தெறித்து அலமாரிக்கடியில் ஓடினாலும் விடமாட்டார். துடைப்பக் குச்சியால் இழுத்து, ஊதி, விழுங்கிவிடுவார்.

ஓய்வுபெற்ற டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். வயது எழுபத்தாறு. டாக்டர்கள் மூன்று பேர்: இதயத்துக்கு ஒருவர், சிறுநீரகத்துக்கு ஒருவர், பொதுவாகத் திட்டுவதற்கு ஒருவர். ஒருவர் எழுதிய சீட்டை இன்னொருவரிடம் காட்டவே மாட்டார். "காட்டினா அவர் மனசு கஷ்டப்படும்ல?"

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். மனைவி மருந்துப் பையோடு அவரை டாக்ஸியில் ஏற்றி, அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்.

"என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்க?" என்றாள் டியூட்டி டாக்டர்.

"காலையில ஒரு ரோஸ், ரெண்டு வெள்ளை..."

"பேரு?"

"பேரு யாருக்கும்மா தெரியும்?"

மனைவி பையைக் கட்டிலில் கவிழ்த்தார். பதினோரு வகை. டாக்டர் அட்டைகளைப் புரட்டிப் படித்தாள்.

"ஐயா, ரோஸு, ரெண்டு வெள்ளை, மூணும் ஒரே பிரஷர் மருந்து. கம்பெனிதான் வேற. மூணு மடங்கு போட்டிருக்கீங்க. அதான் பிரஷர் படுத்துடுச்சு."

வாத்தியாருக்கு அந்த மயக்கத்திலும் ரோஷம் வந்தது. "முப்பது வருஷம் லைசென்ஸ் பாத்துப் பாத்து ஆளை ரோட்டுக்கு அனுப்பினவன் நான். ஒரே பய மூணு லைசென்ஸ் வெச்சுக்கிட்டு என் உடம்புக்குள்ளயே வண்டி ஓட்டியிருக்கானே!"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து விழுந்த டப்பாவைத் திறந்து அரைத்துண்டுகளைப் பார்த்தாள். சிரிப்பு போய்விட்டது. "இது ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. இதை மட்டும் ஏன் வெட்டினீங்க? பக்கவாதம் வந்திருந்தா?"

அவர் மின்விசிறியை வெறித்தார். "அதோட விலை தெரியுமாம்மா உங்களுக்கு?"

"என்கிட்ட போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க!" மனைவியின் குரல் உடைந்தது.

"போட்டாச்சான்னுதான கேட்ட? முழுசான்னு கேக்கலியே."

தலையை ஸ்கேன் எடுத்து, விழுந்ததில் உள்ளே அடி ஒன்றுமில்லை என்று உறுதியான பிறகு டாக்டர் புதுச் சீட்டு எழுதினாள். பதினோரு வகை ஐந்தாயிற்று. "வீணாப் போன காசுக்கே இனி இதை முழுசா வாங்கலாம், ஐயா."

நர்ஸ் முழு மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டினாள். விழுங்கினார். கட்டிலருகே இடுப்பில் கைவைத்து நின்ற மனைவி அவர் வாயையே பார்த்தார்.

வாத்தியார் பெருமூச்சு விட்டு, வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினார்.