படையலுக்கு முன் எடுத்து வைத்த பங்கு

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளின் வணக்கம். அம்மா கர்த்தரிடம் போய் ஓராண்டு ஆகிறது. கட்டுரை எழுதும் வேலையைத் தம்பி என் தலையில் கட்டிவிட்டான். "அழுகாச்சியா எழுதாதக்கா, அம்மாவுக்குப் புடிக்காது" என்று உத்தரவு வேறு. முயற்சி செய்கிறேன்.

அம்மா ஆனைமலையில் பிறந்தார். ஆசிரியர் பயிற்சி முடித்து, மோட்டார் பம்பு கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவைக் கைப்பிடித்துத் துடியலூர் வந்தார். நாங்கள் பள்ளியில் படிக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு எங்கள் படிப்பு, கல்யாணம் எல்லாவற்றையும் அம்மா ஒருவராகவே இழுத்துக் கரைசேர்த்தார். காலையில் காப்பிக்கு முன்னால் வேதம் வாசிப்பார். அப்போது பால் பொங்கி வழிந்தாலும் அவருக்குத் தெரியாது. அடுப்பைத் துடைத்துத் துடைத்தே என் இளமை கழிந்தது.

வாரம் முழுக்கப் பாடம் எடுத்தது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் ஆலயத்தில் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தினார். அரசுப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அந்த வகுப்புதான் அவருக்கு உயிர்.

எங்கள் பக்கத்து வீடு சரசு அக்காவுடையது. தீபாவளிக்கு அங்கிருந்து வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம் வரும். கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே அந்தப் பக்கம் போகும். இப்படியே காலம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது சபைக்குப் புதிதாக வந்த போதகர் ஐயா, பிற மதப் பண்டிகைப் பலகாரம் எதையும் வாங்கக் கூடாது, வாங்குகிறவர்கள் சபைப் பொறுப்பில் இருக்க முடியாது என்று ஆராதனையில் அறிவித்தார். ஆராதனை முடிந்ததும் அம்மா அவர் முன்னால் போய் நின்றார். நானும் கூட இருந்தேன்.

"ஐயா, அன்பா வெச்சதை ஒண்ணும் விசாரிக்காம சாப்பிடலாம்னு வேதத்துல பவுல் சொல்றாருங்களே. இது சாமிக்குப் படைச்சதுன்னு ஒருத்தர் வாய்விட்டுச் சொன்னா மட்டும், சொன்னவருக்காக வேண்டாங்கறாரு. சரசு அப்படி ஒண்ணும் சொல்லலீங்க."

"கமிட்டியில முடிவு பண்ணியாச்சுங்கம்மா."

"கமிட்டிக்கு முந்தியே வேதம் முடிவு பண்ணிருச்சுங்களே."

குரலை உயர்த்தவில்லை. பணிவாகத்தான் சொன்னார். அடுத்த வாரமே வகுப்பு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கொஞ்சம் இன்னும் மிச்சம் இருக்கிறது. வேறு சபைக்குப் போய்விடலாம் என்றேன். "ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லிட்டா, ஊட்டை உட்டுட்டா போவாங்க?" என்றார் அம்மா. அதே பெஞ்சில் தொடர்ந்து உட்கார்ந்தார். பக்கத்து அறையில் பிள்ளைகள் பாடும் சத்தம் கேட்கும்போது மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைப்பார். அவருக்கு வலித்தது. நன்றாகவே வலித்தது.

பிறகு அம்மாவுக்குப் பித்தப்பையில் ஆபரேஷன் நடந்தது. வீடு திரும்பியதும் போதகர் ஐயா ஜெபிக்க வந்தார். அவர் ஆமென் சொல்லி முடித்த நேரத்தில் சரசு அக்கா ஒரு டப்பாவோடு உள்ளே வந்தார்.

"டீச்சரம்மா, உங்களுக்கு நல்லபடியா ஆகோணும்னு மாசாணியம்மனுக்கு வேண்டியிருந்தேனுங்க. ஆனைமலைக்கே போயிட்டு வந்துட்டேன். பிரசாதமுங்க, ஒரு வாய் போட்டுக்கோங்க."

ஐயா தரையைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சரசு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணி, எனக்காக அத்தனை தூரம் போயிருக்கறே. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா படைச்சதுன்னு சொல்லிப்போட்டியே, இனி நான் சாப்பிடக் கூடாது கண்ணு. கோவிச்சுக்காதே."

சரசு அக்காவின் முகம் சுண்டிப்போனது. டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஐயா விடைபெற்றுப் போனதும் நான் அம்மாவிடம் பாய்ந்தேன். "சபையும் உங்களை வேண்டாம்னுது, சரசு அக்காவையும் தொரத்திட்டீங்க. யாரைத்தான் கூட வெச்சுக்கப் போறீங்க?"

"கச்சாயம் புடிக்குதுன்னு வேதத்துல ஒரு வரியைப் படிச்சுட்டு அடுத்த வரியை உட்டுற முடியுமா?" என்றார் அம்மா. சொல்லிவிட்டு அழுதார். அதற்குப் பிறகு சுவரோரப் பேச்சு அடியோடு நின்றுபோயிற்று.

தீபாவளி வந்தது. காலையில் எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத் தலையோடு சரசு அக்கா எங்கள் வாசலில் நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, இது இன்னும் படைக்கலீங்க. சுட்டதும் உங்க பங்கை மொதல்ல எடுத்தாந்துட்டேன். இப்பச் சாப்பிடலாமுங்கள்ல?"

சாமிக்கு வைக்கும் முன் ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு முறை. அவருடைய கணவர் சத்தம் போட்டது எங்கள் வீடு வரை கேட்டிருந்தது. அம்மா தயங்கினார். "எங்க சாமி பொறுத்துக்குமுங்க. உங்க சாமிதான் கொஞ்சம் கறாரு" என்றார் சரசு அக்கா. அம்மா விழுந்து விழுந்து சிரித்தார், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு ரசித்துச் சாப்பிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும் போதகர் ஐயா, "அடுத்த ஞாயிறு வகுப்புக்கு வந்துருங்கம்மா" என்றார். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. போனார். கடைசி வரை அந்த வகுப்பை நடத்தினார். போன வருடம் ஒரு காலையில் வாசித்துக்கொண்டிருந்த நாற்காலியிலேயே அமைதியாகக் கண்மூடினார். அன்றும் பால் பொங்கி வழிந்திருந்தது.

மாற்றலாகிப் போயிருந்த போதகர் ஐயா, செய்தி கேட்டு அடக்கத்துக்கு வந்து சேர்ந்தார். எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத அன்று சரசு அக்காதான் சோறும் ரசமும் கொண்டுவந்து பரிமாறினார். ஐயாவும் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஒன்றும் விசாரிக்கவில்லை. ரசத்தை மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்.

அவருக்கும், இப்போதைய போதகருக்கும், தோள் கொடுத்த சபையாருக்கும், ஆறுதல் சொன்ன உறவினர்களுக்கும், அம்மாவின் மாணவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

சரசு அக்காவுக்கு நன்றி என்று எழுதினால் சண்டைக்கு வருவார். ஆகவே நடந்ததை எழுதி முடிக்கிறேன். அம்மா இல்லாத இந்த முதல் தீபாவளிக்கு, நான் இப்போது குடியிருக்கும் பெருந்துறையிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். காலையில் கதவு தட்டப்பட்டது. ஈரத் தலை, கையில் டப்பா.

"அக்கா, அம்மாதான் இல்லீங்களே" என்றேன்.

"தெரியுது கண்ணு. டீச்சரம்மா பங்கை எடுக்காம படைக்கக் கை வரமாட்டேங்குது."

டப்பாவை வாங்கித் திறந்தேன். ஒரு கச்சாயத்தைப் பிட்டு அவரிடமும் நீட்டினேன். சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, நான் படைக்காம வாயில வெக்கமாட்டேன்! சாமி கும்பிட்டுட்டு வாரேன், காப்பி போட்டு வை."