ஜாதகத்தில் ஏறிய மகாலட்சுமி

இன்னிக்கு ஒரு கூத்து நடந்துபோச்சுங்க.

மகள் ஜாதகத்தை வேர்டில் நானே அடித்து வைத்திருக்கிறேன். மேலே பிள்ளையார் படம், கீழே அவள் போட்டோ. பிள்ளையார் மங்கலாகத் தெரிந்தார். வெள்ளிக்கிழமையாச்சே, மகாலட்சுமியை வைப்போம் என்று படம் மாற்றும் சாஃப்ட்வேர் ஒன்றை இறக்கினேன். எல்லாப் படத்தையும் மாற்றவா என்று கேட்டது. சரி என்று தட்டிவிட்டு, திறந்துகூடப் பார்க்காமல் திருமானூர் மாப்பிள்ளை வீட்டுக்கு மெயிலில் அனுப்பிவிட்டேன்.

மதியம் மாப்பிள்ளையின் அம்மா போன் பண்ணினார்.

"பொண்ணு நல்ல லட்சணங்க. தாமரைப்பூவுல ஒக்காந்திருக்கு. ஆனா கை நாலு இருக்குதுங்களே?"

அப்போதுதான் அனுப்பியதைத் திறந்து பார்த்தேன். மகள் போட்டோவும் சேர்ந்து மாறிப்போன கதையைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இருக்கட்டுங்க. எங்க வூட்டு வேலைக்கு நாலு கை இருந்தாத்தான் தோது!"

பக்கத்தில் நின்று கேட்ட மகள், "அம்மா, அந்த எடமே வேணாம்" என்று உள்ளே போய்விட்டாள்.

நல்ல இடம், விட மனசில்லை. நிஜப் போட்டோவை இனிமேல்தான் அனுப்பணும். ரெண்டு கை குறையுதேன்னு அந்தம்மா கேட்டால் என்னங்க பதில் சொல்றது? மருமகள் எடுத்தவங்க கொஞ்சம் சொல்லுங்க.